அலமாரிக்குள் வைத்த மொச்சை

கேள்வி கேட்டதும் அருள்செல்வி டீச்சரின் வலது கை முந்தானைக்குள் போய்விடும். உள்ளே கட்டைவிரல், சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டு, ஒவ்வொரு கணுவாக ஏறி இறங்கி, ஆள்காட்டி விரலுக்கு வந்து சேரும். மொத்தம் பத்துக் கணு. அதுவரை வாய் திறக்கக் கூடாது. உத்தமபாளையத்தில் நடந்த மூன்று நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டது. பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளைகளே செய்து பார்க்கட்டும் என்றார்கள்.

நான்கு வருசம் போர்டில் பதில் எழுதிப்போட்டே பழகியவளுக்கு இது லேசில் வரவில்லை. ஐந்தாம் கணுவிலேயே பதில் வாயில் வந்து நிற்கும். வாசலில் நின்று பார்த்த ஹெட்மாஸ்டர் ஜெபராஜ், "ஏம்மா, பேசாம நிக்கிறீக, பாடம் மறந்துபோச்சா?" என்றார்.

விதை முளைக்க வெளிச்சம் வேணுமா என்று நாலாம் வகுப்பில் கேட்டாள். பாதிப் பேர் வேணும் என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம்.

"அப்ப வச்சுப் பாப்பமா?"

இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் மண் போட்டு மொச்சை ஊன்றினார்கள். ஒன்று ஜன்னலில், ஒன்று இரும்பு அலமாரிக்குள். பத்து நாள் யாரும் திறக்கக் கூடாது என்று பேச்சு. தண்ணீர் தெளிக்கிற பிள்ளை சுபாஸ்ரீயிடம் மட்டும் சாவி. டீச்சரும் திறந்து பார்க்கவில்லை.

பத்தாம் நாள் ஆய்வுக்கு அதிகாரி வந்துவிட்டார். அருள்செல்விக்குத் தற்காலிக வேலை. ஜூனில் மறுபடி எடுப்பார்களா என்பது அவர் எழுதப்போகும் குறிப்பில் இருந்தது. அவர் முன்னால் அலமாரியைத் திறந்தாள். மொச்சை முளைத்திருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதிகாரி சிரட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். குட்டையான தண்டு, கரும்பச்சையாக இரண்டு இலை.

"இருட்டுல வளந்தா வெளுத்துப்போய் நெடுநெடுன்னுல்ல நிக்கும். இது வெயில் பட்ட செடி. நான் வர்றேன்னு கொண்டாந்து வச்சீகளாக்கும்?"

அருள்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏன் ஆத்தா, இது எப்படிப் பச்சையாச்சு?" என்று சுபாஸ்ரீயிடம் கேட்டாள். கேட்டதும் கை தானாக முந்தானைக்குள் போனது. பிள்ளை தலையைக் கவிழ்த்துக்கொண்டது. ஏழு, எட்டு. அதிகாரி டீச்சரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பேச மாட்டாக சார்," என்றார் ஜெபராஜ். "டிரெய்னிங்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்காக."

அதிகாரி சிரித்தபடி பேனாவைத் திறந்தார். ஜூனில் அவளைக் கூப்பிடவில்லை.

இப்போது சின்னமனூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்து விரித்துப் போடுகிறாள். விலை கேட்டால் உடனே சொல்லிவிடுகிறாள்.

தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த சுபாஸ்ரீயின் அம்மா சண்முகத்தாய் ஒருநாள் சொன்னாள். எட்டாம் நாளே அலமாரியில் மொச்சை முளைத்து, மஞ்சளாக வெளுத்து, நூல் மாதிரி நீண்டு நின்றதாம். சீக்கு வந்துவிட்டது, டீச்சரை வையப்போகிறார்கள் என்று பயந்து, பிள்ளை அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வீட்டு வேலியோரம் முளைத்துக் கிடந்த மொச்சைச் செடியை எடுத்துவந்து ஊன்றியிருக்கிறது.