கொத்தனாரின் வெறுந்தலை

பென்சிலக்கா என்றே தெருவில் அவளுக்குப் பெயர். போட்டோவைக் கொடுத்தால், ஆளே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் பென்சிலில் வரைந்துவிடுவாள். சாரத்திலிருந்து விழுந்து செத்த கொத்தனாரின் படத்தை வாங்க, கட்டடக் கம்பெனி மேனேஜர் வந்தார்.

"ஆளை அப்படியே உரிச்சு வச்சிட்டீங்கம்மா. தலையில ஒரு ஹெல்மெட் மட்டும் போட்டுடுங்க. நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க, ஆபீஸ்ல மாட்டணும்."

"உயிரோட இருந்தப்ப குடுத்தீங்களா சார்?"

"படத்துல போட்டா தலை கனக்கவா போகுது?"

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பென்சிலைச் சீவினாள், கூராக இருந்ததையே மறுபடி சீவினாள். மேனேஜர் மேசையைத் தட்டிக்கொண்டே நின்றார்.

அவள் குனிந்து, கொத்தனாரின் கலைந்த முடியை இழை இழையாக இன்னும் அழுத்திக் கறுப்பாக்கினாள். பிறகு படத்தை அட்டைக்குள் வைத்துக்கொண்டு, கொத்தனாருடைய மனைவியின் வீட்டுக்கு நடந்தாள்.