மச்சானுக்கு மூன்று ஊசிகள்

முதலில் வந்தது அசதிதான். டயாலிசிஸ் (பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக மெசின் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்கி இரண்டு வருடமாகியிருந்ததால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கண் மஞ்சளாகவில்லை. வழமையான இரத்தப் பரிசோதனையில்தான் ஹெப்பட்டைட்டிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ்) தெரிந்தது.

"நான் தடுப்பூசி போட்டதுதானே, டொக்டர்?"

"கிட்னி பழுதான ஆக்கள் சிலருக்கு அது சரியாப் பிடிக்கிறதில்ல. இது உங்கட பிழை இல்ல."

அன்றிலிருந்து எனக்குத் தனி அறை, தனி மெசின். வீட்டிலும் நானே என்னை ஒதுக்கிக்கொண்டேன். நகவெட்டியை ஒளித்து வைத்தேன். பாயைத் தள்ளிப் போட்டேன். ஒரே சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) சாப்பிட்டால் தொற்றாது, இரத்தத்தாலும் தாம்பத்திய உறவாலும்தான் தொற்றும் என்று டொக்டர் விளக்கியும் மனம் கேட்கவில்லை.

என் கணவர் கலீல் மச்சான் வேளாண்மைக்காரர். யானை வந்தாலும் வயலை விட்டு எழும்பாத மனுசன். ஆனால் எனக்கு ஊசி ஏற்றும் நேரம் மட்டும் வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

அவருடைய பரிசோதனை முடிவில் தொற்று இல்லை என்று வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே அழுதுவிட்டேன். இனி அவர் மூன்று தடுப்பூசி போட வேண்டும்.

"மறுகா ஒரு நாளைக்குப் போடுவமே, புள்ள."

"எனக்குக் கிழமைக்கு நாலு ஊசி குத்துறாங்க. நீங்க ஒண்டுக்கு யோசிக்கிறீங்க."

மச்சான் சட்டைக் கையைச் சுருட்டினார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கண்ணை மூடியவர், ஊசி போட்டு முடிந்த பிறகும் திறக்கவில்லை. தாதி சிரித்துவிட்டார்.

ஆறு மாதத்தில் மூன்றும் முடிந்தன. பிறகு செய்த பரிசோதனையில் அவருக்குப் பாதுகாப்பு வந்திருந்தது. என் வைரஸ் முழுதாகப் போகவில்லை. கிழமைக்கு ஒரு குளிசை (மாத்திரை) அதை அடக்கி வைத்திருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஒளிக்காமல், வீட்டாரைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

அவருடைய கடைசி முடிவு வந்த அன்று, ளுஹர் (நண்பகல் தொழுகை) தொழுதுவிட்டு வந்தவர் என் பாயை இழுத்துத் தன் பாயோடு சேர்த்துப் போட்டார். என் இடது கையில், டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தில் (பிஸ்டுலா) மெதுவாகக் காதை வைத்தார்.

"சத்தம் கேக்குது, புள்ள."

"என்ன மாதிரி?"

"வாய்க்கால்ல தண்ணி வாற மாதிரி."

அந்தக் கை மெசினுக்குச் சொந்தம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மெசினடியில் நான்கு மணித்தியாலத்தையும் நிமிடம் நிமிடமாக எண்ணுகிறவள் நான். அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் நேரம் போனது தெரிந்தது.