கரிசலில் ஒரு கோசுப் பாத்தி

சித்திரை உச்சிவெயிலில் நனைந்த சாக்கிலிருந்து புழுங்கிய வாடை ஒன்று எழும். எங்கள் வீட்டுப் பின்னாலிருந்த புறவாசலுக்குள் நுழைந்ததும் முகத்தில் அறைவது அதுதான். எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டியை அடுத்த எங்கள் ஊரே பருத்தியும் மிளகாயும் போட்டுக்கொண்டிருக்க, என் அம்மா மட்டும் கிணற்றடியில் நாலு பாத்தி கட்டி, முட்டைக்கோசும் காரட்டும் வளர்த்தே தீருவேன் என்று நின்றாள். அந்தச் சாக்குகள் அவள் நாற்றுகள்மேல் வெயில் படாமல் மூடியவை.

அம்மா பிறந்தது நீலகிரியில். தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன அவள் அப்பா, சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று மகளைக் கரிசல்காட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார். மலையில் அவர்கள் வீட்டுப் பின்னால் பன்னிரண்டு மாதமும் காய் உண்டாம். உறைபனி விழும் மார்கழியில்கூட நாற்றின்மேல் வைக்கோல் பரப்பிக் காப்பாற்றிவிடுவார்களாம். "பனிக்கே மூடி வளத்தோம், வெயிலுக்கு மூடி வளக்க முடியாதா?" என்பாள். பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை. தண்ணீர் இறைக்க மட்டும் நானும் அக்காவும் இருந்தோம்.

பள்ளிக்கூடம் போகுமுன் இருபது வாளி, வந்ததும் இருபது வாளி. மழைக்குச் சொதசொதவென்று காலைப் பிடித்து இழுக்கும் அந்த மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஊற்றுவதையெல்லாம் விழுங்கிவிட்டு வறண்டே கிடக்கும். இத்தனை இறைத்தும் காரட் கோணல்மாணலாக வந்தது. கார்த்திகையில் கைப்பிடியளவு உருண்ட கோசு, கோடையில் உருளாமல் இலையை விரித்துக்கொண்டு நின்றது. அப்பாவின் தங்கை வரும்போதெல்லாம், "மதினி, கரிசல்ல கோசு வரும்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்பாள். "வராதுன்னு யாரு போட்டுப் பாத்தா?" என்பாள் அம்மா.

மழை பொய்த்த ஒரு வருடம் கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. எங்களுக்குக் குளிக்க அரை வாளி. கோசுக்கு மட்டும் குறைவில்லை. எரிச்சல் தாளாமல், ஒருநாள் பள்ளிக்குப் போகும்போது வேலிப்படலைத் திறந்துபோட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், ஆடுகள் புகுந்து குருத்துகூட மிஞ்சவில்லை.

அம்மா திட்டவில்லை. "நீதானட்டி தொறந்துபோட்ட?" என்றாள்.

"ஆமா. கை காச்சுப்போச்சும்மா. யாருக்கு வேணும் இந்தக் கோசு?"

என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "எனக்குத்தான் வேணும். விடியக்காலம் அந்த எலையத் தொட்டா சில்லுன்னு இருக்குது. இந்த ஊர்ல எனக்குச் சில்லுன்னு வேற என்னட்டி இருக்கு?"

அதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. மறுநாளே மறுபடி விதை ஊன்றி, அவளே தண்ணீர் சுமந்தாள். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மூன்றாம் நாள் போய் வாளியைப் பிடுங்கிக்கொண்டேன்.

இன்று புறவாசலுக்குச் சிமெண்ட் பூசியாயிற்று, கிணற்றையும் மூடியாயிற்று. அம்மா போய்ப் பல வருடமாகிறது. போன மாதம் போனில் பேசிக்கொண்டிருந்த அக்கா திடீரென்று, "ஏட்டி, அம்மைய ஒரு தடவகூட மலைக்குக் கூட்டிட்டுப் போகலையே நாம?" என்றாள்.

திருச்செந்தூர் போனோம், கன்னியாகுமரி போனோம், குற்றாலம் வருடந்தவறாமல் போனோம். தாத்தா தோட்ட வேலையை விட்டு ஊர் திரும்பியபின் அங்கே அம்மாவுக்கு ஒரு வீடில்லை என்பது நிஜம். ஆனாலும் மதுரை, கோயம்புத்தூர் என்று மாறிப் போனால் ஒரு நாள் பயணம்தான். அவள் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம் என்று அக்காவிடம் கோபமாகச் சொன்னேன்.

"கேட்டாளே," என்றாள் அக்கா.