பதினோரு மணிக்கு நான் குரங்கு விரட்டிக்கொண்டிருந்தேன்

போன வாரம் குற்றாலத்தில் ஒரு கருத்தரங்கு. இரண்டு நாள். ‘அனைவருக்கும் கல்வி – உலகமும் நாமும்’ என்று தலைப்பு. இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு என் பேச்சு. வெளியே அருமையான சாரல்... உள்ளே ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உலகத்தில் ஒரு குழந்தைகூடப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கக் கூடாது என்று எத்தனையோ நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. கிண்டல் செய்யவில்லை. நானும் அதை நம்புகிறவள்தான். முதல் நாள் அதற்காக உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏழெட்டுப் பேர் ஐந்தருவி சாலையில் காலாற நடந்தோம். ஒரு பழக்கடை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடந்தன. எடை போட்டுக்கொண்டிருந்தவள் பேச்சி. இலத்தூர்க்காரி, சீசனுக்குக் கடை போட்டிருக்கிறாள். பக்கத்தில் கம்போடு நின்றது அவள் மகள் செல்வி. பன்னிரண்டு வயசு இருக்கும். பழத்தில் கை வைக்க வரும் குரங்குகளை விரட்டுவது அவள் டியூட்டி.

எங்களோடு வந்த சென்னைப் பேராசிரியர் சும்மா ஒரு பெருக்கல் கணக்குக் கேட்டார். செல்வி குரங்கின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே பட்டென்று விடை சொன்னாள்.

“ஸோ ஸ்மார்ட்!” என்று அவர் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அன்றைக்குப் புதன்கிழமை. பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கல்வியைப் பற்றிப் பேச வந்த எங்களில் ஒருவருக்காவது அது உறைக்க வேண்டாமா? எனக்கே நூறடி நடந்த பிறகுதான் உறைத்தது. மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

“புள்ள ஏன் ஸ்கூலுக்குப் போகல?”

“சீசன்ல்லாக்கா!” தீபாவளி லீவைச் சொல்வதுபோலச் சொன்னாள் பேச்சி.

எங்கள் பக்கத்தில் இது ஒரு கூத்து. பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன். அருவியில் தண்ணீர் விழுவதும் ஜூன். இரண்டில் ஒன்றுக்குத்தான் பிள்ளை போக முடியும்.

நான் ஆரம்பித்தேன். சட்டம், உரிமை, பெண் கல்வி... மறுநாள் மேடைக்கு வைத்திருந்த சரக்கு முழுவதையும் அங்கேயே கொட்டினேன். பேச்சி பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் வெடித்தாள்.

“எம்புள்ள படிக்கணும்னு எனக்கு ஆசை இல்லாமலா இருக்கு? அவ அப்பா விடியமுன்ன எஸ்டேட்டுக்கு லோடு எடுக்கப் போயிருதாவ. பொழுதடைஞ்சுதான் வாராவ. நான் தராசப் பாத்தா குரங்கு வருது. குரங்கப் பாத்தா ஆளு போயிருது. இங்கன வந்து நீங்க நிக்கியளா?”

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. “நிக்கேன். நாளைக்கு நான் நிக்கேன். நீ புள்ளைய அனுப்பு!”

பேச்சி சிரித்துவிட்டாள். செல்வி சிரிக்கவில்லை. என்னைத் தள்ளி அழைத்துப்போய், கம்பைக் கையில் கொடுத்து, கிளாஸ் எடுத்தாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு முன்னால வந்து பல்லக் காட்டும். அதப் பாக்காதிய. தார்ப்பாய்க்கு மேல இன்னொண்ணு கமுக்கமா இருக்கும். அதான் எடுக்கும்.” சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நெசமா வருவியளா? எங்க அக்காவும் சீசனுக்குன்னுதான் நின்னா. அப்புறம் படிப்பே நின்னுபோச்சு.”

விசாரித்தேன். மூத்தவள் எட்டாம் வகுப்பில் இரண்டு மாசம் கடையில் நின்றிருக்கிறாள். திரும்பிப் போனபோது பாடம் எங்கேயோ போய்விட்டது. முழித்துக்கொண்டு உட்காரக் கூச்சப்பட்டுப் படிப்பை நிறுத்திவிட்டாள். இப்போது ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறாள்.

மறுநாள் காலை, கருத்தரங்குக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த சேலையில் போய் நின்றேன். பேச்சி வாயைப் பிளந்தாள்.

“வந்துட்டியளே! வராட்டாலும் போட்டும்னுதான் அவள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வந்தேன். ஆறு மணிக்கே யூனிபார்ம மாட்டிக்கிட்டு நிக்கா யக்கா!”

முதல் அரைமணி நேரத்திலேயே எனக்குத் தோல்வி. முன்னால் வந்தது பல்லைக் காட்டியது. நானும் முறைத்தேன். மேலேயிருந்து இறங்கியது ஒரு கொத்து ரம்புட்டானோடு கிளம்பிவிட்டது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை சொல்லித் தந்த பாடத்தில் நான் ஃபெயில்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. ஒருங்கிணைப்பாளர்.

“மேடம், எங்க இருக்கீங்க? அடுத்து நீங்கதான்!”

“குரங்கு விரட்டிக்கிட்டிருக்கேன் சார்.”

“மேடம்... உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“நல்லாத்தான் இருக்கேன். நேத்து பழக்கடையில பேராசிரியர் செல்ஃபி எடுத்தாரே, அந்தப் புள்ள இன்னைக்கு ஸ்கூல்ல இருக்கா. என் பேச்சு அவ்வளவுதான். மேடையில சொல்லிடுங்க.”

சொன்னாரா, தெரியாது. மத்தியானம் அந்தப் பேராசிரியர் மட்டும் தனியாக வந்தார். கம்பை வாங்கிக்கொண்டு என்னைச் சாப்பிட அனுப்பினார். செல்ஃபி எடுக்கவில்லை.

மாலையில் கருத்தரங்கின் தீர்மானம் வாட்ஸ்அப்பில் வந்தது. ‘பெற்றோரிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்.’

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. யாருக்கு விழிப்புணர்வு? மூத்த மகள் அறை கூட்டுவதைத் தினமும் பார்க்கிறவளுக்கா? படிப்பின் அருமை தெரியாமலா இவர்கள் பிள்ளைகளை நிறுத்துகிறார்கள்? பிள்ளை கடையில் செய்யும் வேலையை இனி யார் செய்வது என்று ஒரு திட்டமாவது கேட்கிறதா? இனி எந்த மேடையிலும் ‘விழிப்புணர்வு’ என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டேன். ‘பேச்சிக்கு விழிப்புணர்வு நிறைய இருக்கிறது, ஆள்தான் இல்லை’ என்று குரூப்பில் பதில் போட்டேன். மூன்று பேர் கும்பிடு போட்டார்கள்.

சரி, சீசன் முழுக்க என்னால் நிற்க முடியுமா? முடியாது. வீரமாகச் சொன்னதெல்லாம் ஒருநாள் கூத்துதான். அதைப் பேச்சியிடம் நேரில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலையில் போனேன். செல்வி மறுபடி கம்போடு நிற்பாள் என்ற பயம் உள்ளூர இருந்தது.

செல்வி இல்லை. பேச்சி தனியாக எடை போட்டுக்கொண்டிருந்தாள். பாதிப் பழத்தைப் பழைய வலை ஒன்றால் மூடியிருந்தாள். வலை எட்டாத மூலையில் ஒரு குரங்கு சாவகாசமாக உட்கார்ந்து மங்குஸ்தானை உரித்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி பேச்சி... குரங்கு!”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“திங்கட்டும் யக்கா! மூத்தவளுக்குப் படிப்பையே தின்னுட்டுது. இவளுக்குப் பழத்த மட்டும் தின்னுட்டுப் போட்டும்!”