அக்கா என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பதில்

ஊரில் இருக்கிறவர்கள் சிரிக்கக்கூடாது. போன வாரம் பஸ் ஸ்டாப்பில் நின்று போனுக்கு நாக்கை நீட்டினேன். இங்கே கனடாவில், தொண்டை வலி என்றால் எனக்கு டாக்டர் திரையில்தான் வருகிறார். எதிரே நின்ற வெள்ளைக்காரப் பெரியவர், தன்னைத்தான் கேலி செய்கிறேன் என்று முறைத்தார். ‘டாக்டர், டாக்டர்’ என்று போனைக் காட்டினேன். எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார் மனுஷன். போதுமடா சாமி என்றாகிவிட்டது.

ஆனாலும் மாத்திரை கிடைத்தது, தொண்டையும் சரியானது. அந்தத் தெம்பில்தான் மல்லாங்கிணற்றில் இருக்கும் அக்காவுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்தேன். அக்கா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். சீசன் நேரத்தில் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறாள் என்று அவள் மகள் செல்வி சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதுரையில் ஒரு பெண் டாக்டரைப் பிடித்து, அவரும் அக்காவும் நானும் ஒரே திரையில் வருகிற மாதிரி செய்தேன்.

அக்கா பட்டுச்சேலை கட்டி, முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வெளிநாட்டுத் தம்பி பார்க்கிறானே! சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால், இடுப்பில் தூக்கிக்கொண்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு ஓடி, எனக்கு இல்லாத வலியையும் சேர்த்துச் சொல்லி டாக்டரை நச்சரித்தவள் இவள். இப்போது எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

“நல்லாத்தான் இருக்கேன்மா. லேசா இருமல். தம்பிதான் சும்மா பயப்படுதான்.”

பவுடருக்குள் முகம் வெளிறியிருக்கிறதா என்று தெரியவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. நான் இடையில் புகுந்து கத்தினேன், அக்கா சிரித்தாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது. தூரத்தில் இருக்கிறவனிடம் சுகக்கேட்டைச் சொல்லக்கூடாது என்பது நம் ஆட்களின் வழக்கம். நான் மட்டும் என்ன, இங்கே வேலையில்லாமல் திரிந்ததை அவளிடம் மூச்சுவிட்டதில்லை.

“அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய போறீகளா?” என்றார் டாக்டர். “அக்கா உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் எனக்குப் பதில் சொல்றாக.”

சுருக்கென்றது. நானே கூட்டிய கூட்டத்திலிருந்து நானே வெளியேறினேன். அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். ஒருவழியாகச் செல்வி கூப்பிட்டாள். அம்மா எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டாளாம். இது போனில் பார்க்கிற நோய் இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆட்டோ வந்துவிட்டதாம். அக்கா அப்படி என்னதான் சொன்னாள் என்று கேட்டேன்.

“அத உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக, மாமா.”

போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.

“ஏலே, ஒண்ணுமில்ல. நீ... சாப்பிட்டியா?”

நாலு வார்த்தைக்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். போனை வைத்த கையோடு ஜாக்கெட்டை மாட்டி, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டி, வாசல் கதவைத் திறந்துவிட்டேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோ இந்நேரம் விருதுநகர் ரோட்டில் திரும்பியிருக்கும். நான் எந்தப் பக்கம் திரும்ப?