லட்டு எங்கே என்று கேட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கலை ஒட்டி நடந்தது இது. அம்பத்தூரில் ஏரிக்குப் பக்கத்தில், எழுபது வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். என் கணவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் குவார்ட்டர்ஸில் குப்பை கொட்டிவிட்டுத்தான் இங்கே வந்தோம். குவார்ட்டர்ஸ் பொங்கல் என்றால் மதுரைக்காரர் வீட்டுக் கும்மி, தஞ்சாவூர்க்காரர் வீட்டுக் கோலாட்டம், நாகர்கோவில்காரர் வீட்டுக் களியல் என்று அமர்க்களப்படும். எல்லாவற்றுக்கும் மைக் பிடிப்பது நான்தான்.

இங்கே வந்த பிறகு லிஃப்டில் பார்த்தால் ஒரு தலையாட்டல், அதோடு சரி. பொறுக்க முடியாமல் நானே போய் குடியிருப்புச் சங்கத்தில் கலை நிகழ்ச்சிகளுக்கான பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "மைக் இல்லாட்டி உனக்குச் சோறு இறங்காதே" என்பார் என் கணவர். உண்மைதான். கூட்டம் கூட்டுவதும், கூச்சப்படுகிறவர்களைப் பிடித்து மேடையில் தள்ளுவதும் எனக்குக் கைவந்த கலை. அதை ஒரு பெருமையாகவே வெகுநாள் நினைத்திருந்தேன்.

எங்கள் வாட்ச்மேன் நேபாளத்திலிருந்து வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். இப்போது மரியாதையாக எழுதுகிறேனே தவிர, அப்போது எனக்கு அவர் 'கூர்க்கா', அல்லது 'தம்பி'. தெருமுனை டீக்கடையில் கற்ற தமிழ் அவருடையது. "மேடம், தண்ணி லாரி வந்துகினு கீது, மோட்டார் ஆஃப் பண்ணட்டா?" என்று அவர் கேட்கும்போது ராயபுரத்தில் பிறந்தவர் தோற்றுப்போவார். அந்தத் தமிழைக் கேட்பதற்காகவே வேலை இல்லாவிட்டாலும் ஏதாவது கேட்டுவிட்டுப் போவோம்.

அந்தப் பொங்கலுக்கு முந்தைய ஆவணி மாதம் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, மொட்டைத் தலையோடு வந்து கேட்டில் நின்றார்.

"என்ன தம்பி, திருப்பதியா? லட்டு எங்கே?" என்றேன்.

அவர் தலையை ஒருமுறை தடவிக்கொண்டு சிரித்தார். அந்த வாரம் முழுக்க கேட்டைத் தாண்டிய எல்லோருக்கும் இதே கேள்விதான். நாலாவது மாடிக்காரர் ஒருபடி மேலே போய், "இன்னா நைனா, பெருமாளு நேபாளத்துக்கே வந்து உன்னக் கூட்டிகினு போனாரா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்களில் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஏஜென்சி கொடுத்த கறுப்பு ஷூவை விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வெள்ளைக் கான்வாஸ் ஷூவில் நின்றார். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், மாற்றவில்லை. தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த மெரூன் நிறச் சட்டையையும் போடவில்லை. டியூட்டி இல்லாத நேரத்தில் எப்போது பார்த்தாலும் ஒரே வெள்ளைச் சட்டை. கொடுத்ததைப் போட்டுக்கொண்டால்தான் என்ன, நம் கை அவ்வளவு மட்டமா என்று வீட்டில் முணுமுணுத்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு மதியம், ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது மேளச் சத்தம் கேட்டது. வேப்பமர நிழலில் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நேபாளிகள். சுற்றுவட்டாரத்து வாட்ச்மேன்கள், ஃபாஸ்ட் ஃபுட் கடை மாஸ்டர்கள், பியூட்டி பார்லர் பெண்கள். ஒருவர் மடியில் மிருதங்கத்துக்குத் தம்பி மாதிரி ஒரு சின்ன மேளம். அதை மாதல் என்கிறார்கள். ஒரு பெண் ஒரு அடி பாடினால் ஆண்கள் பக்கமிருந்து பதில் பாட்டு வரும். பதில் சரியில்லை என்றால் அந்தப் பெண் கிண்டலாக இன்னொரு அடி போடுவாள், ஒரே சிரிப்பு. இரண்டு பெண்கள் நடுவில் ஆடினார்கள். எனக்குக் காலெல்லாம் பரபரத்தது.

எங்கள் வாட்ச்மேன் மட்டும் வட்டத்துக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பாடவில்லை, தாளம்கூடப் போடவில்லை. எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். கூச்ச சுபாவம் என்று நான் முடிவு கட்டினேன்.

பாடிய பெண் பத்து வருடமாக இங்கே பார்லரில் வேலை செய்கிறாள், நல்ல தமிழ். "வாரா வாரம் கூடுவோம் ஆன்ட்டி. பார்க்ல ஒக்காந்தா தொரத்துறாங்க. மழ வந்தா அதுவும் இல்ல. எங்க பசங்க இங்கயே பொறந்ததுங்க, தமிழ்லதான் சண்ட போடுதுங்க. பாட்டு, டான்ஸ் சொல்லித் தரலாம்னா ஒரு எடம் கிடைக்க மாட்டேங்குது" என்றாள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு ஹால் சும்மா பூட்டிக் கிடக்கிறது. வெளியாட்களுக்குக் கமிட்டி தராது. ஆனால் பொங்கல் விழாவில் இவர்கள் ஆடினால், கமிட்டியே பார்த்து மயங்கினால், ஞாயிறு மதியத்துக்கு ஹாலை வாங்கிவிடலாம். இதைச் சொன்னதும் அத்தனை முகங்களும் மலர்ந்தன. எங்கள் வாட்ச்மேன் எழுந்து நின்று, "மெய்யாலுமே தருவாங்களா மேடம்?" என்று இரண்டு தரம் கேட்டார். அந்தக் குழுவைச் சேர்த்ததே அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

விழா அன்று மாலை நாலு மணிக்கு எனக்கு ஒரு போன். மாதல் வாசிக்க வேண்டியவர் ஃபாஸ்ட் ஃபுட் கடை மாஸ்டர். பண்டிகைக் கூட்டம் என்று முதலாளி விடவில்லை. ஆறு மணிக்கு நிகழ்ச்சி. பெண்கள் மேலே ஒரு வீட்டில் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கீழே தலையில் கை வைத்து நிற்கும்போது, எங்கள் வாட்ச்மேன் நாற்காலி தூக்கிக்கொண்டு போனார்.

"தம்பி, உனக்கு மாதல் வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும் மேடம். ஆனா நான் வேணாம். வேற ஆளப் பாருங்க."

"இப்போ எங்கேபோய் ஆள் பாக்குறது? சும்மா பத்து நிமிஷம்."

"வேணாம் மேடம். இந்த வருஷம் வேணாம்."

இந்த வருஷம் என்றால் என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் கண் மணியிலும் மேடையிலும் இருந்தது. மூன்றாவது தடவையும் அவர் வேண்டாம் என்றபோது நான் சொன்ன வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"உங்க ஆளுங்களுக்கு ஹால் வேணுமா, வேணாமா?"

அவர் நாற்காலியைக் கீழே வைத்தார். சரி என்று தலையாட்டினார். நான் அதோடு விட்டேனா? வெள்ளைச் சட்டையில் வந்து நின்றவரைப் பார்த்து, "விழாவுக்கு இப்படியா வருவாங்க? தீபாவளிக்குக் கொடுத்தேனே, அந்தச் சட்டை எங்கே?" என்று விரட்டி, மாற்ற வைத்துத்தான் மேடை ஏற்றினேன்.

வாசித்தார் பாருங்கள், அப்படி ஒரு வாசிப்பு. பிள்ளைகள் எல்லாம் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். பார்லர் பெண் மேடைக்கு வந்து அவரைப் பார்த்ததும் முதல் அடியிலேயே தடுமாறி நிறுத்திவிட்டாள். மேடைப் பயம் என்று நினைத்து, "தைரியமா பாடும்மா" என்று மைக்கில் சொன்னேன். கடைசிப் பாட்டில் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நம்ம வாட்ச்மேன் ஆடணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். ஆடணும் என்று கூட்டம் கத்தியது. மாதலை வாங்கிக் கீழே வைத்து, கையைப் பிடித்து இழுத்து நடுவில் விட்டேன். விசில் பறந்தது. அவர் ஆடினார். தலையைக் குனிந்துகொண்டே ஆடினார். நான் அதை வீடியோ எடுத்தேன்.

அன்றைக்கே என் ஃபேஸ்புக்கில் போட்டேன். ஆடிய பெண்களுக்கும் அனுப்பினேன். லைக் குவிந்தது. இரண்டு நாள் கழித்து அவர் மாடி ஏறி வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்று, "மேடம், அந்த வீடியோவ எடுத்துட முடியுமா?" என்று கேட்டார். "அட, எவ்ளோ பேர் பாராட்டியிருக்காங்க தெரியுமா? நீ இப்போ ஸ்டார்" என்று சிரித்தேன். அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நான்காம் நாள் காலை கேட்டில் வேறு ஆள் நின்றார். பழைய வாட்ச்மேன் தங்கியிருந்த ஜெனரேட்டர் அறையில் பார்லர் பெண் அவருடைய மீதிச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மெரூன் சட்டை துவைத்து, மடித்து, தனியாக நாற்காலியில் இருந்தது.

"ஊருக்குப் போய்ட்டாரு ஆன்ட்டி. இனிமே வரமாட்டாரு."

"ஏன், என்ன ஆச்சு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க அம்மா செத்து அஞ்சு மாசந்தான் ஆவுது. ஒரு வருஷம் வெள்ளதான் போடணும், தோல் செருப்புகூடக் கூடாது. பாட்டு, டான்ஸ், பண்டிக எதுவும் கிடையாது. சாவுக்கே போக முடியல ஆன்ட்டி. ஊருக்குப் போய்ச் சேர நாலு நாள் ஆவும், அதுக்குள்ள அண்ணன் காரியத்த முடிச்சிட்டாரு. ஏரிக்கரையில நாங்கதான் அவருக்கு மொட்ட போட்டோம். அம்மாவுக்கு இந்த ஒரு வருஷத்தயாவது ஒழுங்கா செய்யணும்னு இருந்தாரு. இப்ப வீடியோவ ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க. அண்ணன் போன் பண்ணி, வருஷக் காரியத்துக்கு நீ வராதேன்னு சொல்லிட்டாரு. அதான் நேர்ல போய்க் கெஞ்சிப் பாக்கலாம்னு கெளம்பிட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். எனக்கே என் குரல் அசிங்கமாகக் கேட்டது.

"வேணாம்னு சொன்னாராமே ஆன்ட்டி" என்றாள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஃபேஸ்புக்கிலிருந்து வீடியோவை நீக்கினேன். நீக்கி என்ன பிரயோஜனம்? என் கணவர் வழக்கமாகக் கிண்டல் செய்கிறவர், அன்று காபி போட்டு என் முன்னால் வைத்தார். எனக்கு அழுகை அடங்கவில்லை.

என்னை அறுத்தது தெரியாமல் செய்தது அல்ல. எனக்குத் தெரியாத வழக்கமா இது? என் அம்மா இறந்த வருடம் நாங்கள் பொங்கல் பானை வைக்கவில்லை, தீபாவளிக்கு மத்தாப்புகூடக் கொளுத்தவில்லை. குவார்ட்டர்ஸ் ஜனங்கள் பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சத்தமாகப் பேசாமல் போனார்கள். அந்த வருடம் என்னை யாரும் மைக் பிடிக்கக் கூப்பிடவில்லை. என் தம்பி மொட்டைத் தலையோடு ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு பெரியவர், "வீட்டுல யாருப்பா?" என்று மெல்லக் கேட்டாராம். நம் ஆளாக இருந்தால் அப்படிக் கேட்கத் தெரிகிறது. எங்கள் வாட்ச்மேனிடம் எனக்கு லட்டுதான் கேட்கத் தோன்றியது.

அவருடைய நம்பருக்கு எத்தனையோ முறை போட்டுப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை என்றே வந்தது. கமிட்டியோடு சண்டை போட்டு ஹாலை வாங்கிக் கொடுத்தேன். இப்போதும் ஞாயிறு மதியங்களில் நேபாளிக் குழந்தைகள் வருகிறார்கள். பார்லர் பெண் சொல்லித் தருகிறாள். மாதல் வாசிக்க ஆள் நிலையாகக் கிடைப்பதில்லை, போனில் பாட்டைப் போட்டுத்தான் ஆடுகிறார்கள். நான் கதவைத் திறந்துவிட்டு மேலே வந்துவிடுவேன், உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒருமுறை அவளிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். "வருஷக் காரியத்துக்கு அண்ணன் சேத்துக்கிட்டாரா?" என்று கேட்டேன். "அது தெரியல ஆன்ட்டி" என்றாள்.

போன மாதம் எங்கள் இப்போதைய வாட்ச்மேன், திருவள்ளூர்ப் பக்கத்துப் பெரியவர், மொட்டைத் தலையோடு வந்து நின்றார். பக்கத்தில் போய், "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களாய்யா?" என்று கேட்டேன். அவர் சிரித்தபடி, "எல்லாரும் சோக்கா கீறாங்கமா, திருப்பதி போய்ட்டு வந்தேன்" என்று பேப்பரில் மடித்த லட்டை எடுத்து, பாதியைப் பிட்டு என் கையில் வைத்தார். பிரசாதமாயிற்றே என்று வாயில் போட்டுக்கொண்டேன். ஒரு மனிதர் மூன்று தடவை வேண்டாம் என்று சொன்னது அப்போது என் காதுக்குள் கேட்டது.