குறுகிய வால்

"...யாரு மேல எழுதணும்னு எனக்கு இன்னாண்ணா தெரியும்? மூணு வருசமா நடந்துக்கினே இருக்கறேன். என் மனுவ எவனோ அமுக்கறான். அவன் மேல எழுதுங்க!" என்றாள் அஞ்சலை.

அந்த எவனோ நான்தான்!

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது... திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைப்பவன் நான். ஒவ்வொரு மனுவின் உச்சியிலும் பிள்ளையார் சுழி போடுவேன். அதன் வால் நீண்டிருந்தால், இந்த ஆள் 'கவனிப்பார்' என்று உள்ளே இருப்பவர்களுக்குப் புரியும். குறுகியிருந்தால் ஒன்றும் பெயராது என்று பொருள். மனு கட்டின் அடிக்குப் போய்விடும்.

என் கண்டுபிடிப்பா இது? இல்லை. எனக்கு முன்னால் இங்கே உட்கார்ந்திருந்தவர் ஊர் நிலக்கணக்கைக் கர்ணம் வைத்திருந்த காலத்தில் பழகியது. களத்துமேட்டில் கர்ணத்துக்கென்று மரக்கால் நெல் அளந்து, அதற்கு மாமூல் என்று பெயர் வைத்திருந்த காலம். வெள்ளைக்காரன் போனான், கர்ணம் போனார், கணினி வந்தது, 'லஞ்சம் வாங்குவது குற்றம்' என்று பலகையும் வந்தது. அந்தப் பலகை நிழலில்தான் என் மேசை! சுழி மட்டும் போகவில்லை...

அஞ்சலை ஓமந்தூர் பக்கம் நிலக்கடலை பிடுங்கும் கூலிக்காரி. ஓடைப் புறம்போக்கில் குடிசை. மழை வந்தால் அடுப்பு மிதக்கும். கேட்டது ஒரு வீட்டுமனைப் பட்டா. "மல்லாட்ட புடுங்கற கையிண்ணா இது, அவுங்களுக்குக் குடுக்க இன்னா இருக்குது?" என்று முதல் நாளே சிரித்தாள். நான் வாலைக் குறுக்கினேன். பிறகு எழுதிய ஒவ்வொரு மனுவிலும் குறுக்கினேன். பொய்யாக நீட்டியிருந்தால்? என் மேசை தெருவில் கிடந்திருக்கும். அவ்வளவுதான் என் நியாயம்... கேவலம்!

இப்போது புகார். திங்கட்கிழமை விழுப்புரம் போய், குறைதீர் கூட்டத்தில் கொடுப்பாள். முத்திரை குத்தி, 'தக்க நடவடிக்கைக்கு' என்று இதே அலுவலகத்துக்கே அனுப்பிவைப்பார்கள். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது... தாளை மட்டும் நீட்டினேன்.

"இன்னாண்ணா, சுழி போடாம குடுக்கறீங்க? உங்க சுழி ராசின்னுதான ஊரே பேசிக்கினு இருக்குது!"

போட்டேன். கை தானாகவே வாலைக் குறுக்கிற்று!

அஞ்சலை தாளை வாங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சுழியை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.